இருமலே இல்லாத ஊர்

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மூவர்ணக் கொடி போல க்ரீம் தடவிய கேக். பச்சை மேலே, காவி கீழே. நடுவில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் மௌஸ். நான் திருத்தவில்லை. கொடி தலைகீழாக இருப்பதுதான் அங்கே நடந்த காரியத்துக்குப் பொருத்தம் என்று தோன்றியது.

"இந்தியாவில் நம் பேனல் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது" என்று என் மேலாளர் டக் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். முதல் துண்டை எனக்கு நீட்டி, "உன் ஊர் அல்லவா, நீதான் முதலில் சாப்பிட வேண்டும்" என்றார். வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, பாத்ரூமுக்குப் போய்க் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கேக் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் குப்பையில் போட்டேன் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே யாரிடம் சொன்னாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

2

நான் கோயமுத்தூரில் புள்ளியியல் படித்தவள். கல்யாணமாகி அமெரிக்கா வந்து, ஒஹையோவில் ஒரு நகரத்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் வாரம் முழுவதும் வேறு ஊரில் வேலை பார்த்து வெள்ளிக்கிழமை திரும்புகிறவர். ஒரே மகள் நித்யா, எட்டாம் வகுப்பு.

என் வேலை என்னவென்று அண்ணன் கேட்கும்போதெல்லாம் விளக்கிச் சலித்துவிட்டது. எங்கள் கம்பெனி இன்டர்நெட்டில் சர்வே எடுக்கிறது. எப்போது கேள்வி அனுப்பினாலும் பதில் சொல்லத் தயார் என்று பெயர் கொடுத்து வைத்திருக்கும் கூட்டத்துக்குப் பேனல் என்று பெயர். தூக்கம் எப்படி, சர்க்கரை இருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று அவர்களைக் கேட்போம். வந்த பதில்களைக் கூட்டிக் கழித்து, இந்த ஊர் மக்களின் ஆரோக்கியம் இப்படி என்று அறிக்கை எழுதுவோம். மருந்துக் கம்பெனிகளும் ஆராய்ச்சிக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள். முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்ட வேலை இது. இப்போது யாரும் செருப்புத் தேய நடக்க வேண்டியதில்லையாம். டக் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். செருப்புத் தேயாததில் இவருக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொள்வேன்.

பேனலில் இருப்பது யார் என்று நான் கேட்கக் கூடாது. ஒரு தடவை கேட்டேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவன் என்ன ஆனான், கண் தெரியாத கிழவன் என்ன ஆனான் என்றேன். "எடை போட்டுச் சரி செய்துவிடுவோம்" என்றார். அதாவது பேனலில் கிழவர்கள் குறைவாக இருந்தால், இருக்கிற ஒரு கிழவரைப் பத்துக் கிழவர்களாக எண்ணிக்கொள்வது. கணக்குப்படி அதில் தவறில்லை. கிழவரைப் பார்த்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

இதற்கு மேல் வாயைத் திறக்க முடியாது. என் விசா இந்தக் கம்பெனியின் கையில் இருக்கிறது. பச்சை அட்டைக்கான விண்ணப்பமும் இவர்கள் பெயரில்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவை குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்போதும் என் பெயரை வேறுவிதமாக எழுதியிருப்பார்கள். அப்பா பெயரை என் பெயராக்கி, ஊர்ப் பெயரை நடுப்பெயராக்கி, ஒரு தடவை என்னை ஆணாகவும் ஆக்கினார்கள். அதையெல்லாம் திருத்தித் தரச் சொல்லி டக்கிடம்தான் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். நிற்கிறவளுக்குக் கோபம் கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

3

போன வருடம் ஒரு மருந்துக் கம்பெனி வந்தது. பஞ்சாலை ஊர்களில் மூச்சுத் தொந்தரவு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். எந்த ஊரில் அதிகமோ, அங்கே வேன் அனுப்பி இலவசமாக நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்துவார்களாம். பட்டியலில் இருந்த ஊர்களில் நம் கோயமுத்தூரும் ஒன்று.

இன்டர்நெட் இருக்கிற வீடு கோயமுத்தூரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் பிரவுசிங் சென்டர்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. அங்கே ஒரு முகவரைப் பிடித்தால் போதும் என்றார்கள். பிடித்தார்கள். காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு மேல் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சிவக்குமார். அவரைப் பற்றிய குறிப்பில் டக் ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தார். 'இவருக்கு அந்த வட்டாரத்தில் எல்லோரையும் தெரியும்.'

அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் நாசமாக்கியது. அதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

4

அண்ணனுக்குச் சோமனூர் பக்கம் வேஸ்ட் பஞ்சு குடோன். மில்களில் கழித்துப் போட்ட பஞ்சு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். அண்ணன் வண்டி வாகனம், கொள்முதல் என்று வெளியே அலைவார். குடோனுக்குள் காலையிலிருந்து இருட்டும் வரை நிற்பது நங்கைதான். முதலாளியம்மா என்று பெயர். மூக்குக்குள் போகும் பஞ்சுக்கு அது தெரியாது.

இந்த மே மாதம் நான் ஊருக்குப் போனபோது நங்கையால் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. பாதியில் நின்று, கைப்பிடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு மூச்சு வாங்கினார். பேசும்போது வாக்கியத்தின் நடுவே ஒரு விசில் சத்தம் வந்தது.

"ஏனுங்க நங்கை, இது எப்ப இருந்து?" என்றேன்.

"அது கெடக்குதுங்க அம்மணி. மழை பேஞ்சா அடங்கிக்கும்."

"ஆர்.எஸ்.புரத்துல நெஞ்சு டாக்டர் இருக்காருங்கள்ல? நாளைக்கே போலாமுங்க."

நங்கை அறைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டாக்டரு வாசல்ல உக்காந்திருக்கறது பூராவும் நம்ம சனம். கவிதாவுக்கு எடம் பேசிட்டு இருக்கறோம். பொண்ணோட அம்மாவுக்கு இளைப்புன்னு ஒருத்தரு பாத்துட்டா போதுமுங்க. பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க, பொறக்கற கொழந்தைக்கு வருமான்னு கேப்பாங்க. கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

கவிதா அண்ணன் மகள். கல்லூரி முடித்திருக்கிறாள். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும் முன் விசாரிக்கிற விசாரிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ்காரர்கள் வந்து பாடம் படிக்கலாம்.

"அதுக்குத்தான் அந்த அமெரிக்கா முகாமுக்காகக் காத்திருக்கறனுங்க" என்றார் நங்கை, தானாகவே. "முகாம்னா ஊரே போகும். எல்லாரும் கொழாயில ஊதுவாங்க. நானும் நடுவுல நின்னு ஊதிப்போட்டு வந்துருவேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க அந்த சர்வேயில பதில் சொன்னீங்களா?"

"சொன்னனுங்களே. நானும் குடோன் பொம்பளைங்களும் ஒவ்வொரு நாளா போனோம். பதில் சொன்னா முகாம் வரும்னாரு சிவக்குமாரு. எவர்சில்வர் டம்ளரு கூட குடுத்தாரு. நம்ம பேருல ஈமெயிலெல்லாம் அவரே போட்டுப்போட்டாரு. கேள்வியை அவரே படிச்சுக் கேப்பாரு, நாம சொல்லச் சொல்ல அமுக்குவாரு."

"இருமல் இருக்கான்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

நங்கை என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கறனுங்கன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது? சிவக்குமாரு யாருன்னு நெனச்சீங்க? கவிதாவுக்குப் பேசிட்டு இருக்கற மாப்பிள்ளைக்குத் தாய்மாமனுங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லோரையும் தெரிந்த ஆளிடம் யார் இருமலைச் சொல்வார்கள்? அவருக்குப் பெண்ணின் அம்மாவைத் தெரியும், பையனின் அப்பாவைத் தெரியும், எந்த வீட்டில் எந்தச் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று தெரியும். எந்நேரமும் நான்கு பேர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிற அறையில் அவர் வாய்விட்டுப் படித்துக் கேட்டால், நம் ஊரில் வருகிற பதில் ஒன்றுதான். நல்லா இருக்கறனுங்க. விருந்தாளி சௌக்கியம் கேட்டால் சொல்கிற பதில். போய் உட்கார்ந்து மரியாதையாகப் பதில் சொன்னால் முகாம் வந்துவிடும் என்று அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள். கல்யாணத்துக்குத் தலை காட்டுகிற மாதிரி தலை காட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

5

ஒஹையோ திரும்பியதும் டக்கிடம் சொன்னேன். நிதானமாக, கோபப்படாமல், முழுவதையும் சொன்னேன். தாய்மாமன் என்றால் யார் என்பதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது.

"சுவாரஸ்யம்" என்றார். அது அவர்கள் ஊரில் போய் வா என்பதற்குச் சமம். "நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே குறைவு. அதை எடை போட்டுச் சரி செய்துவிட்டோமே."

"சொல்லாத இருமலை எதால் பெருக்கினாலும் சைபர்தான்" என்றேன்.

அவர் சிரித்து, நல்ல வரி என்று பாராட்டினார். அறிக்கை போய்ச் சேர்ந்தது. பட்டியலில் இருந்த பஞ்சாலை ஊர்களிலேயே மூச்சுத் தொந்தரவு மிகக் குறைந்த ஊர் கோயமுத்தூர் என்று அதில் இருந்தது. காரணமாக மலைக்காற்றைச் சொல்லியிருந்தார்கள். மலைக்காற்று! குடோன் ஜன்னலில் படிந்திருக்கும் பஞ்சை ஒரு தடவை விரலால் வழித்துப் பார்த்திருந்தால் இந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டார்கள். மருந்துக் கம்பெனி வேனை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டது.

அதே வாரம் வீட்டில் இன்னொரு கூத்து. தபாலில் நித்யா பெயருக்கு ஒரு பாட்டு சிடி வந்தது. உறை மேல் எங்கள் கம்பெனியின் முத்திரை. விசாரித்தேன். என் மகள் ஒரு வருடமாக எங்கள் பேனலில் உறுப்பினராம். வயது முப்பத்தெட்டு, இரண்டு குழந்தைகளின் தாய், ரத்தக் கொதிப்பு உண்டு என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறாள்.

"ரத்தக் கொதிப்பு எதுக்குடி?"

"ஒடம்பு நல்லா இல்லேன்னா நெறைய சர்வே வருதும்மா. எல்லாரும் பண்ணுது. நீ ஏன் அழுவுறே?" என்றாள் அவளுடைய அரைகுறைத் தமிழில்.

நான் அழவில்லை. எரிச்சலில் கண் கலங்கியிருந்தது. அந்த வித்தியாசம் இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. ஒன்பது வயது வரைக்கும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ ஒரு முப்பத்தெட்டு வயதுக்காரியாகக் கொதிப்புக்கு மாத்திரை தின்றுகொண்டிருக்கிறாள். இந்த ஊரில் நோயைச் சொன்னால் பாட்டு சிடி வருகிறது. அந்த ஊரில் நோயைச் சொன்னால் கல்யாணம் நிற்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு உலக ஆரோக்கியம் என்று தலைப்பு வைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மகள் எங்கள் பேனலில் தங்க உறுப்பினர். எப்போது கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்பவர்களுக்குத்தான் அந்தப் பட்டம். பொய் சொல்கிறவளுக்குப் பதில் ஏன் மாறப் போகிறது? ஒரு தடவை மனப்பாடம் செய்தால் போதுமே.

6

முகாம் வராது என்பதை நங்கையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், "எப்பங்க அம்மணி வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு உடைத்துச் சொன்னேன்.

"நீங்க எல்லாரும் நல்லா இருக்கறோம்னு சொன்னதால வரலீங்க. யாரு இருமறாங்கன்னு சொல்றாங்களோ அங்கதான் வேன் போகுமுங்க."

போனில் அந்த விசில் மூச்சு கேட்டது.

"சொன்னதை மாத்திச் சொல்லலாமுங்களா?"

அதே கேள்விகள் இரண்டாம் சுற்றாக அடுத்த மாதம் அனுப்பப்பட இருந்தன; அதில் கணக்கு மாறினால் வேனும் திரும்பி வரலாம். அதைச் சொன்னேன். கூடவே, "சிவக்குமார்கிட்டத்தானே போகணும், கவிதா விஷயம்?" என்றும் கேட்டேன்.

"குடோன்ல நாலு பொம்பளைங்க என்னையாட்டத்தான் இழுத்துட்டு இருக்கறாங்க. முகாம் வரும் வரும்னு அவிங்ககிட்ட நான்தான் சொல்லி வெச்சேன்" என்றார். "என்ற பொண்ணுக்காக அவிங்க வாயையும் நான் கட்டிப்போட்ட மாதிரி ஆயிருச்சு. பாக்கலாமுங்க."

என்ன நடந்தது என்பதை அண்ணன் பின்னால் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நங்கை குடோனைப் பூட்டினார். அந்த நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போனார். மாடிப்படியில் ஐந்து பேரும் நின்று நின்று ஏறியிருக்கிறார்கள். மேலே போனதும் சிவக்குமார் நாற்காலி எடுத்துப் போட்டு, காபி சொல்லி, "இருமல் கிருமல் ஒண்ணும் இல்லீங்கள்ல?" என்று கேள்வியைச் சுருக்கியே கேட்டிருக்கிறார்.

"இருக்குதுங்க" என்றிருக்கிறார் நங்கை. "நாலு வருசமா இருக்குது. ராத்திரி படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்கறேன். அப்படியே அமுக்குங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராகச் சொன்னார்களாம். சொல்லிவிட்டு, காபியைக் குடித்து, "போயிட்டு வாரோமுங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

7

வியாழக்கிழமை என் மேசைக்கு ஒரு வேலை வந்தது. சந்தேகத்துக்குரிய உறுப்பினர்களை நீக்குவது. இதற்கென்று ஒரு விதி வைத்திருக்கிறோம். முதல் சுற்றில் சொன்னதற்கு நேர்மாறாக இரண்டாம் சுற்றில் சொன்னால் நம்பகமில்லாதவர். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஒரே மதியத்தில், பலர் ஒரே மாதிரி பதிலை மாற்றினால் மோசடி. காந்திபுரத்திலிருந்து ஐந்து பேர் அதில் அகப்பட்டிருந்தார்கள். சிவக்குமார் முதல் சுற்றில் ஒவ்வொரு நாளாகப் பிரித்து அமுக்கிய 'நல்லா இருக்கறனுங்க' எல்லாம் சுத்தமாகத் தேறியிருந்தன.

டக்கின் அறைக்கு ஓடினேன். இந்த ஐந்து பேரை எனக்குத் தெரியும், இவர்கள் சொல்வதுதான் உண்மை, இதில் ஒருவர் என் அண்ணன் மனைவி என்றேன்.

அவர் முகம் மாறியது. "உன் உறவினரா? அப்படியானால் நிச்சயமாக நீக்க வேண்டும். அது விதிமீறல்" என்றார். பிறகு குரலை இறக்கி, "இதை நீ என்னிடம் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். உன் விசா நீட்டிப்புக் காகிதம் என் மேசையில் இருக்கிறது" என்றார். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

நான் திரும்பி வருவதற்குள் பக்கத்து மேசைக்காரர் அந்த ஐந்து பேரையும் நீக்கி முடித்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர். மறுநாள்தான் கேக்.

8

ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். நங்கைதான் எடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, நாங்க சொன்னது அங்க வந்து சேந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க நங்கை. பொய்யின்னு எடுத்துப்போட்டாங்க."

"முந்தி நல்லா இருக்கறேன்னு சொன்னது?"

"அது அப்படியே இருக்குதுங்க."

"அப்ப அதைத்தான் நெசமுன்னு வெச்சுக்கிட்டாங்களா?"

"ஆமாங்க."

கவிதா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"அப்பறம் சொல்றோம்னுட்டாங்க. அப்பறம்னா உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "போகட்டும் விடுங்க. இனி மறைக்கறதுக்கு என்ன இருக்குது? நாளைக்கு ஆர்.எஸ்.புரத்துல டோக்கன் வாங்கியிருக்கறாரு உங்கண்ணன். அஞ்சு பேருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. நிற்கவில்லை. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்பீக்கரில் போடாமலே அது நித்யாவுக்கும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. அறையிலிருந்து வந்து, "அத்தையா அது? அத்தைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். தமிழில், பிழையில்லாமல்.

இருமல் ஒருவழியாக அடங்கியது. நங்கை தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"இப்பக் கேட்டுதுங்களா அம்மணி?" என்றார். "உங்க ஆபீசுல இருக்கறவங்களைக் கேளுங்க. நான் எந்த ஊட்டு ஆளுன்னு பாக்காம, இதை மட்டும் கேக்கறதுக்கு அவிங்ககிட்ட யாராச்சும் இருக்கறாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."